நாய் தோட்டத்தைத் தோண்டுகிறதா? முதலில் குழியைப் பாருங்கள்

நாய் தோட்டத்தைக் குழியாக்குகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "எந்த இடத்துல தோண்டுது?" என்பதுதான். அடுத்தது, "எந்த நேரத்துல?" இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நாயின் இனம், வயது எல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெயிலுக்காகத் தோண்டும் குழி வேறு, பெருச்சாளியைத் தேடித் தோண்டும் குழி வேறு. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றுக்குப் பலிக்காது. இது தெரியாமல் எத்தனையோ நாய்கள் அடி வாங்குகின்றன, சங்கிலியில் கிடக்கின்றன. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

எங்கள் வீடு தென்காசிப் பக்கம், ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி இருக்கிறது. சுற்றிலும் செம்மண் தரை. தோட்டம் முழுக்க அத்தையின் உழைப்பு: பிச்சி, மல்லி, செம்பருத்தி, கறிவேப்பிலை, கொல்லையில் வாழை, ஒரு முருங்கை. செவலை குட்டியாக இருக்கும்போதே எங்களிடம் வந்துவிட்டாள். நாட்டு நாய், பெட்டை. அவளுக்கு ஒரு வயது நெருங்கியபோது தோட்டத்தில் பல இடங்களில் ஒரே சமயத்தில் குழி விழ ஆரம்பித்தது. "எம்மா, பிச்சிக்கொடிய வேரோட பெயர்த்துப் போட்டிருக்கு, வந்து பாரு" என்று அத்தை காலையிலேயே கூப்பிடுவார்கள். பக்கத்து வீட்டு அண்ணாச்சி, "கட்டிப் போடுங்கம்மா, தானா அடங்கும்" என்றார். இன்னொருவர் குழியில் மிளகாய்ப் பொடி தூவச் சொன்னார். நாங்கள் இரண்டையும் செய்யவில்லை. ஒரு வாரம் சும்மா கவனிப்போம் என்று முடிவு செய்தோம். அந்தக் கவனிப்பில்தான், எல்லாக் குழியும் ஒரே காரணத்துக்காக விழவில்லை என்பது புரிந்தது.

தண்ணீர்க் குழாயடியிலும் செம்பருத்தி நிழலிலும் இருந்தவை ஆழமில்லாத நீள்வட்டக் குழிகள். செவலை சுருண்டு படுத்தால் சரியாக அடங்கும் அளவு. தோண்டி முடித்ததும் அதிலேயே வயிற்றை அழுத்திப் படுத்துக்கொள்வாள். நேரம் பார்த்தால் பதினொரு மணிக்கு மேல், கத்திரி வெயில் காலம். காரணத்தைத் தேடவே வேண்டாம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதங்களில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியே விட வேண்டும். அதன் இயல்பான உடல் வெப்பமே ஏறக்குறைய 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். வயிற்றுப் பக்கம் முடி குறைவு. மேல்மண்ணை நீக்கினால் கீழே குளிர்ந்த ஈர மண் இருக்கும், அதில் வயிறு பட்டால் சுகம். இதைக் குறும்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உயிர் பிழைக்கத் தெரிந்த பிராணி செய்யும் காரியம் அது.

அவளுக்கென்று கட்டியிருந்த கூண்டின் கூரை தகரம். பகலில் அதற்குள் கையை விட்டுப் பார்த்தாலே தெரியும், அடுப்படி மாதிரி இருக்கும். தகரத்தின் மேல் தென்னங்கிடுகு வேய்ந்து, கூண்டையே வேப்ப மர நிழலுக்கு நகர்த்தினோம். பகலில் படுக்கப் பழைய கயிற்றுக் கட்டில் ஒன்றைப் போட்டோம். கீழேயும் காற்று புகுந்து போவதால் அவளுக்கு அது பிடித்துவிட்டது. நனைத்த சாக்கு ஒன்று, மண் சட்டியில் தண்ணீர். வெயில் உச்சியில் இருக்கும்போது வீட்டுக்குள் சிமெண்ட் தரையில் படுக்க விட்டோம். குழாயடிக் குழிகள் அந்த மாதத்திலேயே நின்றுவிட்டன. வெயிலில் நாய் அளவுக்கு மீறி இளைத்து, எச்சில் ஒழுகி, ஈறு ரத்தச் சிவப்பாகித் தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணக் குளிர்ந்த தண்ணீரால் உடம்பை நனைத்து, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் தூக்கிப் போக வேண்டும். சென்னை மாதிரி ஊர்களில் ஹஸ்கி வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். பனிநாட்டு முடியைச் சுமந்துகொண்டு நம் வெயிலில் கிடக்கும் நாய் மண்ணைத் தோண்டுவதில் ஆச்சரியமே இல்லை.

சுற்றுச்சுவர் ஓரம் இருந்த குழிகள் வேறு மாதிரி. வட்டமாக இல்லாமல் வாய்க்கால் மாதிரி நீண்டு போகும். செவலை மூக்கை மண்ணுக்குள் புதைத்து, 'புஸ்' என்று ஊதி, காதை நிமிர்த்திக் கேட்டு, மறுபடி தோண்டுவாள். பொழுது சாய்ந்த பிறகும் விடியலுக்கு முன்பும்தான் இந்த வேலை. சுவர் அடியில் உற்றுப் பார்த்தபோது முஷ்டி நுழையும் அளவுக்கு வளை, வெளியே தள்ளிய புது மண், பக்கத்தில் கடித்த வாழைக் கிழங்கு. பெருச்சாளி.

இங்கே நாயைத் தடுப்பதில் அர்த்தமில்லை. மண்ணுக்கடியில் பெருச்சாளி ஓடிக்கொண்டிருக்கும் வரை நாயின் மூக்கை யாராலும் சமாதானப்படுத்த முடியாது. பெருச்சாளியைப் போக்க வேண்டும், அதுவும் விஷம் வைக்காமல். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். கடையில் கிடைக்கும் எலி மருந்துகளில் சிங்க் பாஸ்பைடு உள்ளவை வயிற்றில் நச்சு வாயுவாக மாறிச் சில மணி நேரத்தில் கொல்லும். புரோமாடியோலோன் வகை ரத்தம் உறைவதைத் தடுக்கும். நாய் அதைத் தின்ற அன்று ஒன்றுமே தெரியாது. சில நாள் கழித்துச் சோர்வு, வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம் என்று வரும்போதுதான் வீட்டில் பதறுவார்கள். விஷம் தின்ற எலியை நாய் பிடித்துத் தின்றாலும் ஆபத்துதான். தின்றது தெரிந்தால் மருந்து அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஓடுங்கள். புரோமாடியோலோன் விஷத்தை முறிக்க வைட்டமின் கே1 இருக்கிறது. சிங்க் பாஸ்பைடுக்கு அப்படி மாற்று மருந்து எதுவும் கிடையாது.

நாங்கள் கூடுப் பொறி வைத்தோம். சுட்ட தேங்காய்ச் சில்லும் கருவாடும்தான் இரை. பொறி இருந்த இடத்துக்கு இரவில் செவலையை விடவில்லை. அதைவிடப் பலன் தந்தது, பெருச்சாளிக்குச் சாப்பாடு கிடைக்கும் வழிகளை அடைத்ததுதான். கோழித் தீவனத்தை மூடி போட்ட டிரம்முக்கு மாற்றினோம். சமையலறைக் கழிவைத் திறந்த குழியில் கொட்டுவதை நிறுத்தினோம். சாக்கடை வாய்க்குக் கம்பி வலை அடித்தோம். சுவர் ஓரத்து விறகுக் குவியலைத் தரையிலிருந்து உயர்த்தி அடுக்கினோம். பெருச்சாளி நடமாட்டமில்லாத வளைகளில் உடைந்த செங்கல்லும் ஜல்லியும் இட்டு சிமெண்ட் கலவை ஊற்றினோம்.

இந்த வேலையில் இரண்டு ஜாக்கிரதை. எலி, பெருச்சாளி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், ஈர மண்ணில் அது பிழைத்துக் கிடக்கும். மனிதருக்கும் வரும், நாய்க்கும் வரும். கையுறையும் பூட்ஸும் இல்லாமல் வளையைத் தொடாதீர்கள். நாய்க்கு ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கான மருந்தும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் போடுங்கள். இன்னொன்று பாம்பு. எலி வளை இருக்கும் இடத்துக்கு நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வருவது சகஜம். வளைக்குள் முகத்தை விடும் நாய்க்குக் கடி பெரும்பாலும் முகத்திலும் முன்காலிலும்தான் விழும். செவலை வளையடியில் நின்று உறுமுவதோடு நிறுத்திக்கொண்டு பின்வாங்கினால் நாங்கள் டார்ச் இல்லாமல் கிட்டே போவதில்லை.

மூன்றாவது வகைக் குழிதான் அத்தையின் கண்ணில் நீர் வரவைத்தது. புதிதாக வைத்த ரோஜாக் கன்று, மறுநாள் காலையில் தலைகீழாகக் கிடந்தது. மறுபடி நட்டால் மறுபடி பிடுங்கியிருந்தது. மற்ற செடிகளைத் தொடவில்லை. "என் மேல என்ன கோவம் அதுக்கு?" என்றே கேட்டுவிட்டார்கள். கோபமில்லை. ரோஜாவுக்கு அடியுரமாக அத்தை எலும்புத் தூளும் கடலைப் புண்ணாக்கும் போட்டிருந்தார்கள். நாய்க்கு அது மண்ணில் புதைத்துவைத்த விருந்து. போதாததற்கு, நாம் அப்போதுதான் கொத்தி நீர் விட்ட மண் மிருதுவாக இருக்கும், கால் வைத்ததும் தோண்ட வரும். வாரக் கணக்கில் ஊறிய மீன் அமிலத்தை வேரில் ஊற்றினாலும் இதே கதைதான்.

செவலை வாந்தி எடுத்ததால் கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஆமணக்குப் புண்ணாக்கு எதுவும் போட்டீங்களா?" நல்லவேளை, போடவில்லை. தோட்டம் வைத்து நாயும் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. எண்ணெய் பிழிந்த பிறகும் அது புண்ணாக்கில் தங்கும். சரியாகச் சூடுபடுத்திப் பக்குவம் செய்யாத புண்ணாக்கைத் தின்ற நாய்க்குச் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் வாந்தி, ரத்தக் கழிச்சல், தளர்ச்சி என்று வரும். அதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது, எவ்வளவு சீக்கிரம் கொண்டுபோகிறோமோ அவ்வளவு நல்லது. மாடித் தோட்டத்துக்கென்று கலந்து விற்கும் உரப் பைகளில் ஆமணக்கும் சேர்ந்திருக்கலாம். வாங்கும்போது கேளுங்கள். எலும்புத் தூளும் அதிகம் தின்றால் வயிற்றில் கட்டியாகி அடைத்துக்கொள்ளும்.

அதன்பின் அத்தை உர முறையை மாற்றிக்கொண்டார்கள். அடியுரத்துக்கு நன்றாக மக்கிய தொழுவுரமும் வேப்பம் புண்ணாக்கும். வேம்பின் கசப்பு செவலைக்குப் பிடிக்கவில்லை. பஞ்சகவ்யத்தை வேரில் ஊற்றாமல் லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வீதம் கலந்து இலையில் தெளிக்கிறார்கள். புதுக் கன்று நட்டால் தூரைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்குக் கோழி வலையைத் தட்டையாக விரித்து, மேலே இரண்டு அங்குலம் மண் போட்டுவிடுவோம். நகத்தில் வலை தட்டுப்பட்டதும் விட்டுவிடுகிறாள். வளர்ந்த செடிகளுக்குக் கைப்பிடி அளவு கருங்கற்கள் போதும். வலையின் வெட்டு முனைகளை உள்பக்கம் மடக்க மறக்க வேண்டாம், பாதத்தைக் கிழித்துவிடும். வேலியோரம் நின்ற அரளியை மட்டும் அப்புறப்படுத்திவிட்டோம். வேர் முதல் பூ வரை அத்தனையும் விஷம். தோண்டும் பழக்கமுள்ள நாய் இருக்கும் வீட்டில் அது வேண்டாம்.

வேலிக்கு அடியில் விழுந்த குழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவள் பருவத்துக்கு வந்த சமயம் அது. உள்ளேயிருந்து அவளும் வெளியேயிருந்து ஊர்க் கடுவன்களும் சேர்ந்து தோண்டினார்கள். அந்த இரண்டு மூன்று வாரமும் அவளைக் கண்ணுக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, கம்பி வலையை வேலி அடியில் உள்பக்கமாக ஒன்றரை அடி மடக்கிப் பதித்து மேலே கடப்பாக்கல் துண்டுகளை அடுக்கினோம். இதற்கு நிரந்தர வழி கருத்தடைதான். பருவத்தில் இருக்கும்போது அறுவை செய்தால் ரத்தப்போக்கு அதிகமாகும் என்று மருத்துவர் தள்ளிப் போடச் சொன்னார். அந்த இடைவெளியில் இன்னொன்றையும் பார்த்தோம். பருவம் முடிந்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில், சினை இல்லாமலேயே மூலையில் பள்ளம் பறித்து, பழைய துணியைக் கொண்டுபோய் வைத்துக் காவல் காத்தாள். மடி லேசாகக் கட்டியிருந்தது. பொய்ச்சினை. பெட்டை நாய்களுக்கு இது இயல்பாக வரக்கூடியது, பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே போய்விடும். அந்தச் சமயத்தில் பள்ளத்தை மூடிக்கொண்டு அவளோடு மல்லுக்கட்ட வேண்டாம். மடியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம், பால் கட்டுவது அதிகமாகும். அறுவைச் சிகிச்சை அதெல்லாம் அடங்கிய பிறகு நடந்தது. வேலிக் குழி அதோடு சரி.

இத்தனையும் சரிசெய்த பிறகும் குழிகள் விழுந்தன. இங்கொன்றும் அங்கொன்றுமாக, ஆழமில்லாமல், ஒரு ஒழுங்கும் இல்லாமல். பக்கத்தில் கடித்துக் குதறிய செருப்பு, கொடியிலிருந்து இழுத்த துண்டு. எங்கள் இருவருக்கும் வேலை, அத்தை மதியம் தூங்கிவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் எல்லாம். ஓடியாடும் வயதில் இருக்கும் நாய்க்குப் பகல் முழுக்க ஒரு வேலையும் இல்லை என்றால் மண்ணைத்தானே அது கிண்டும்? தோட்டம் பெரிதாக இருக்கிறதே, அதிலேயே ஓடிக்கொள்ளட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு மூலையும் அதற்கு ஏற்கெனவே தெரிந்த வாசனை. புதிதாக ஒன்றுமில்லை.

விடியற்காலையில் குளக்கரைப் பக்கம் நடத்திக் கூட்டிப்போக ஆரம்பித்தோம். தார் ரோடு சுடுவதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும். வேகமாக இழுத்துக்கொண்டு போகாமல், அவள் நின்று மோந்து பார்க்கும் இடத்திலெல்லாம் நின்றோம். அரை மணி நேரம் மோந்துகொண்டே நடந்த நாய் வீட்டுக்கு வந்து படுத்தால் நன்றாகத் தூங்குகிறது. சாப்பாட்டில் ஒரு பங்கைத் தட்டில் வைக்காமல், அவித்த முட்டையைச் சிறு துண்டுகளாக்கி வராந்தாவில் அங்கங்கே ஒளித்துவைத்தோம். தேடித் தின்பது அவளுக்கு வேலையாகவும் ஆயிற்று, விளையாட்டாகவும் ஆயிற்று.

கடைசியாகச் செய்ததுதான் எங்கள் தோட்டத்தை மீட்டது. அவளுக்கென்றே தோண்டுவதற்கு ஓர் இடம் ஒதுக்கினோம். மதியத்துக்கு மேல் நிழல் விழும் மூலையில் ஆறடிக்கு நாலடி அளவு, ஒன்றரை அடி ஆழம், சுற்றி ஒரு வரிசை செங்கல். வீடு கட்டி மிஞ்சிய ஆற்று மணலும் செம்மண்ணும் கலந்து நிரப்பினோம். கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் வேண்டாம், அதன் முனை சொரசொரவென்று பாதத்தை உறுத்தும். "தோண்டாதேன்னு சொல்லிட்டு நீங்களே குழி வெட்டிக் குடுக்கீங்களாக்கும்?" என்று அத்தைக்கு வருத்தம்தான். முதலில் அவளுடைய கயிற்றுப் பொம்மையைப் பாதி வெளியே தெரியும்படி புதைத்தோம். எடுத்ததும் பாராட்டி ஒரு துண்டு முட்டை. பிறகு முழுவதும் மறைத்தோம். பிறகு இன்னும் ஆழமாக. வேறு இடத்தில் தோண்டுவதைக் கையோடு பார்த்தால் கத்தாமல், பேர் சொல்லிக் கூப்பிட்டு மணலுக்கு அழைத்து வந்து, அங்கே தோண்டினால் தட்டிக்கொடுத்தோம். வேக வைத்த கோழி எலும்பைப் புதைக்காதீர்கள். ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். தேங்காய் மட்டை என்றால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், நாரை விழுங்கினால் அடைத்துக்கொள்ளும்.

எப்போதோ தோண்டிய குழியைக் காட்டி, நாயின் மூக்கை அதில் அழுத்தி அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நாய்க்கு அந்த அடியும் அந்தக் குழியும் சேர்ந்து மனதில் பதியாது. நீங்கள் கிட்டே வந்தால் அடி விழும் என்பது மட்டும் பதியும். மிளகாய்ப் பொடி கண்ணையும் மூக்கையும் எரிக்கும், மழை பெய்தால் கரைந்து போகும், நாய் அடுத்த இடத்துக்குப் போகும். அந்துருண்டை போடச் சொல்பவர்களும் உண்டு. அதில் நாப்தலின் இருக்கலாம். நாய் விழுங்கினால் ரத்த அணுக்கள் சிதையும், ஈரலும் கெடும். சங்கிலி போட்டால் தோட்டம் தப்பும் என்பது உண்மை. ஆனால் ஒடுங்கிக் கிடக்கும் நாய் குரைத்துக் குரைத்து மூர்க்கமாகும். அவிழ்த்த அன்று முன்பைவிட அதிகமாகத் தோண்டும்.

இப்போது செவலை மணல் குழியை விட்டு வெளியே தோண்டுவது அபூர்வம். அத்தையே மாலையில் பொம்மையைப் புதைத்துவைத்து, "போ, தேடு" என்கிறார்கள். பிச்சி மறுபடி பந்தலேறிவிட்டது.

மணல் குழிக்கும் பராமரிப்பு உண்டு. தெருப் பூனைகள் அதைக் கழிப்பிடமாக்கிவிடும் என்பதால் இரவில் தென்னங்கிடுகு போட்டு மூடிவைக்கிறோம். நாய் எச்சத்தைக் கண்டால் அன்றன்றே அள்ள வேண்டும். கொக்கிப் புழுவின் இளம்புழுக்கள் ஈர மண்ணில் வளரும், வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளின் தோலிலும் புகுந்து அரிப்பு உண்டாக்கும். நாய்க்கு மருத்துவர் சொன்ன கணக்கில் பூச்சி மருந்தும் தவறக் கூடாது. மாதம் ஒருமுறை மணலைக் கிளறி வெயிலில் காய விடுவோம். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்காமல் இருக்க அடியில் ஜல்லி பரப்பி ஒரு பக்கம் வடிகால் விட்டிருக்கிறோம். இவ்வளவு இடமில்லாத வீட்டில், பிள்ளைகள் குளிக்கும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றின் அடியில் ஓட்டை போட்டு, முக்கால் அளவு மணல் நிரப்பி வைத்தாலும் சிறிய நாய்க்குப் போதும்.